பிஷப்புக்குத் தெரியாத இடம்

லயனல் ஆல்ட்வொர்த்தின் வம்சத்தில் உதவி கேட்டு வாழ்ந்தவர் யாரும் கிடையாது. அவருடைய தாத்தா ஒரு பனிக்காலத்தில் குளத்துப் பனிக்கட்டி உடைந்து கழுத்தளவுத் தண்ணீரில் விழுந்தார். கரையோரம் போன தோட்டக்காரரிடம், "இன்னைக்குக் கொஞ்சம் குளிர்தான்" என்று மட்டும் சொன்னாராம். தோட்டக்காரர் தாமாகவே புரிந்துகொண்டு கயிறு கொண்டு வந்தார். இந்தக் கதையை அந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஹெஸ்டரும் கேட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வசந்தத்தில் லயனலுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் பாதி திரும்பின, பேச்சு முழுவதும் திரும்பியது, பிடிவாதம் ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பியது. ஆனால் மாடிக்குத் திரும்ப முடியவில்லை. அவர்களுடைய பரம்பரை வீடான ஹேசல்கோட் மாளிகையில் மாடிக்குப் போக இருப்பது ஒரே ஒரு கல் சுழற்படிக்கட்டு. ஏறுகிறவரின் தோள் இரண்டு பக்கமும் உரசும். ஒருவரை இன்னொருவர் தாங்கிப் பிடித்து ஏற்ற அதில் இடமே இல்லை. கட்டியவர்கள், எதிரி வாளோடு ஏறி வந்தால் எப்படித் தடுப்பது என்று யோசித்தார்களே தவிர, வயசான புருஷன் படுக்கைக்கு ஏற வேண்டுமே என்று யோசிக்கவில்லை.

அதனால் கட்டிலைப் பெரிய கூடத்தில் போட்டார்கள். கூரை உத்தரங்கள் தேவாலயத்தில் இருப்பதுபோல் எங்கேயோ உயரத்தில் இருக்கும் கூடம் அது. எவ்வளவு விறகு எரித்தாலும் சூடெல்லாம் உத்தரத்துக்கே போய்விடும். கூடத்தின் மேல்கோடியில் ஒரு படி உயரத்துக்கு மேடை. அந்தக் காலத்தில் எஜமானின் சாப்பாட்டு மேஜை அங்கேதான் இருந்தது. மற்றவர்கள் கீழே நீள மேஜைகளில் உட்காருவார்கள். கட்டிலை எங்கே போடலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நர்ஸ் கேட்டபோது லயனல் நல்ல கையை நீட்டி மேடையைக் காட்டினார். சுவரை ஒட்டி, பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில்.

ஹெஸ்டரும் அங்கேயே படுக்கத் தயாராக இருந்தாள். லயனல் விடவில்லை.

"இந்தக் குளிர்ல நீ படுத்தா ஒரே வாரத்துல மூச்சு இழுக்கும். அப்புறம் ரெண்டு கட்டில் போட்டா இது வீடு இல்ல, ஆஸ்பத்திரி வார்டு. மேல போய்ப் படு, ஹெட்டி."

அவளுக்கு ஆஸ்துமா இருந்தது உண்மைதான். ஆனால் காரணம் அது மட்டுமில்லை என்று அவளுக்குத் தெரியும். காலையில் சட்டை மாட்ட அவர் படுகிற பாட்டை அவள் பார்ப்பதே அவருக்குப் பொறுக்கவில்லை. இராத்திரிப் பாட்டையும் பார்க்கவிடுவாரா? அவள் மாடியில், மேடைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய படுக்கையறையில் தனியாகப் படுத்தாள். அந்த அறைக்கு சோலார் என்று பெயர். இந்த மாதிரிப் பழைய வீடுகளில் எஜமானும் எஜமானியும் தனித்திருக்கிற மாடியறையை அப்படித்தான் சொல்வார்கள். வெயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஹேசல்கோட்டின் சோலார் வடக்குப் பார்த்தது.

செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானத் தூக்கம் முடிந்து, தேநீர்த் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் திடுக்கிட்டு நின்றாள். லயனல் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரையில் கிடந்தார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நாய் டாலி அவர் முதுகோடு ஒட்டிப் படுத்திருந்தது.

"ஐயோ, லயனல்! எவ்வளவு நேரமா?"

"கிரிக்கெட் ஸ்கோர் சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"ஏன் கூப்பிடலை? மணி கையெட்டற தூரத்துல இருக்கு!"

"நீ அப்பதான் படுத்திருப்ப. அதுவும் இல்லாம, இந்த வீட்ல மணி அடிச்சா வேலைக்காரங்க வருவாங்க. பொண்டாட்டிய மணி அடிச்சுக் கூப்பிடற ஆள் நான் இல்ல." பிறகு கன்னம் தரையில் இருக்கும்போதே, "தேநீர் ஆறிடப்போகுது, ஊத்து" என்றார்.

அன்று அவள் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மகள் ஃபிலிப்பா பிரிஸ்டலிலிருந்து வந்தாள். வீட்டில் அவள் பெயர் பிப். குழந்தை டாக்டர். பிடிவாதத்தில் அப்பாவை அப்படியே உரித்து வைத்தவள், ஆனால் வாயைத் திறந்து சொல்லிவிடுவாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அழைப்புப் பொத்தான் ஒன்று வாங்கி வந்தாள். அதை லயனல் சுவரிலிருந்த மான் கொம்பில் மாட்டினார். கேமரா வைத்தாள். அதன்மேல் தேநீர்க் கெண்டிக்குப் போடும் கம்பளிக் குல்லாவைக் கவிழ்த்தார்.

புறப்படும்போது காருக்குப் பக்கத்தில் நின்று பிப் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, விழறதுக்காக நான் பயப்படலை. இந்த வயசுல எல்லாரும் விழறாங்க. கூப்பிடாம கிடக்கறாரே, அதுதான் அவரைக் கொல்லும். இன்னொரு தடவை அப்படிக் கிடந்தார்னா செல்ட்னம்ல அந்த முதியோர் இல்லத்துக்குத்தான். நான் ஏற்கெனவே போய்ப் பார்த்துட்டேன்."

"அவர் அங்க ஒரு மாசம் தாங்கமாட்டாருடி."

"இங்க தரையில ஒரு ராத்திரி தாங்குவாரா?"

பிப் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் அவளுக்குக் கோபமாக வந்தது.

கார் போனபின் கூடத்துக்கு வந்து நின்றாள். லயனல் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, மேடைச் சுவரில் உயரத்தில், பிஷப் இருந்தார். கல்லில் செதுக்கிய ஒரு முகம் அது. தலையில் பிஷப்பின் கூம்புத் தொப்பி, வாயைப் பிளந்த சிரிப்பு. கண் இரண்டும் வாயும் துளைகள். அந்தத் துளைகளுக்குப் பின்னால் ஒரு காலத்தில் சோலாருக்கு வழி இருந்தது. எஜமானி மேலே நின்றபடி, கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வாளாம். கட்டடக்காரர்கள் இந்த ஓட்டைக்கு வைத்த பெயர் மாறுகண். குளிர்காற்று வருகிறதென்று எந்தக் காலத்திலோ ஒரு ஆல்ட்வொர்த் பின்னால் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்துவிட்டார். அதிலிருந்து பிஷப் குருடு. கிறிஸ்துமஸுக்கு அவர் தொப்பியில் ஹோலிச் செடியின் முள்ளிலைக் கொத்து செருகுவதோடு சரி.

சோலார் பக்கத்தில் அந்த ஓட்டை இருந்த மாடம் ஹெஸ்டரின் துணி அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அவளுக்கு அது இத்தனை வருஷமும் நினைவிலேயே இல்லை. கேமராவுக்குக் குல்லா போடலாம். பிஷப்புக்கு யார் போட முடியும்?

பழைய மாளிகையில் ஆணி அடிப்பதற்கே அனுமதி வேண்டும். கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்து, "எங்க சோலாருக்காக ஒரு ஓட்டை போடணும்" என்றாள். எடுத்த பெண் குறித்துக்கொண்டாள். இரண்டு நாளில் கிராப்ட்ரீ என்ற அதிகாரி மழைக்கோட்டும் கோபமுமாக வந்து இறங்கினார். வீட்டுக்குள் வராமல், புல்வெளியில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மிஸஸ் ஆல்ட்வொர்த், முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கல் ஓட்டுக் கூரையில ஒரு தகடு ஏறணும்னா என் பிணத்து மேலதான் ஏறணும்."

"என்ன தகடு?"

"சோலார்தானே கேட்டீங்க?"

ஹெஸ்டருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், பல வாரங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "கரண்ட் எடுக்கற சோலார் இல்லைங்க. நான் படுக்கற சோலார்!"

கிராப்ட்ரீ காது வரை சிவந்துபோனார். அவரை மாடிக்கு அழைத்துப் போய் அலமாரியை நகர்த்திக் காட்டினாள். மாடத்தைப் பார்த்ததும் மனிதர் மழைக்கோட்டோடு மண்டியிட்டுவிட்டார். அடைப்பு பிற்காலத்தது, எடுத்தால் பழைய கல்லுக்குச் சேதம் வராது என்று தடவித் தடவிச் சொன்னார். பிறகு எழுந்து, "எதுக்காகத் திறக்கணும்?" என்று கேட்டார்.

அவள் பொய் ஒன்று தயாராக வைத்திருந்தாள். ஆனால் அந்த மனிதரின் முழங்காலில் ஒட்டியிருந்த ஒட்டடையைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை.

"என் வீட்டுக்காரர் கீழ படுத்திருக்கார். விழுந்தா கூப்பிடமாட்டார். அவருக்குத் தெரியாம நான் பார்த்துக்கணும்."

கிராப்ட்ரீ ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ மரத்தைப் பார்த்தார். "விண்ணப்பத்துல அப்படி எழுதாதீங்க" என்றார். "'கட்டடத்தின் பழைய அமைப்பை மேலும் புரிந்துகொள்வதற்காக'ன்னு எழுதுங்க. எங்க அம்மாவும் இப்படித்தான். கூப்பிடவே மாட்டாங்க."

அனுமதி வருவதற்குள் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. லயனலிடம் அவள் பழமை, வரலாறு, ஆராய்ச்சி என்று என்னென்னவோ சொல்லி வைத்தாள். அவர் நம்பியதுபோல்தான் இருந்தார். ஸ்ட்ரவுடிலிருந்து வந்த கொத்தனார் பெண் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். கடைசிக் கல் வந்ததும் துளைகள் வழியே கூடத்து வெளிச்சம் சோலாருக்குள் விழுந்தது. ஹெஸ்டர் கொத்தனாரைத் தேநீர் குடிக்கக் கீழே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பிஷப்பின் கண்ணில் தன் கண்ணை வைத்தாள்.

கணப்பு தெரிந்தது. நீள மேஜை தெரிந்தது. கீழ்க்கோடியில் மரத் தடுப்பும் சமையலறைக்குப் போகும் கதவுகளும் தெரிந்தன. டாலி வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்குவது தெரிந்தது. மேஜைமேல் அவள் வைத்துவிட்டு வந்த ஊசிநூல் டப்பாகூடத் தெரிந்தது.

லயனல் தெரியவில்லை.

கழுத்தை வளைத்துப் பார்த்தாள். மறு கண்ணால் பார்த்தாள். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். கட்டில் சுவருக்கு நேர் அடியில் இருந்தது. போர்வையின் ஓரம்கூடக் கண்ணில் படவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதைச் செதுக்கியவன் ஒன்றும் முட்டாள் இல்லை. கீழே உட்காருகிறவர்களைக் கண்காணிக்க வைத்த கண் இது. மேடையில் உட்காருகிறவர் எஜமான். அவரை யார் கண்காணிக்கப் போகிறார்கள்? அவ்வளவு பெரிய கூடத்தில் பிஷப்புக்குத் தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தைத்தான் லயனல் தேடிப் பிடித்துப் படுத்திருந்தார்.

"பாழாப்போன பிஷப்பே!" என்றாள். "உன்னை நம்பினேனே!"

கீழே ரேடியோ நின்றது.

"யாரு பேசறது?" என்றது லயனலின் குரல், பக்கத்திலேயே நிற்பதுபோல் அவ்வளவு தெளிவாக. "பிஷப்பா? குரல் எங்க வீட்டுக்காரி மாதிரி இருக்கே."

ஹெஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஹெட்டி. வரலாறு, ஆராய்ச்சின்னு சொன்னதெல்லாம்?"

"பொய்."

"என்னை வேவு பார்க்கத்தானா?"

"ஆமா."

அவள் படிக்கட்டில் தோள் உரச இறங்கி ஓடினாள். லயனல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் இறுகியிருந்தது. எதிரே போய் நின்றதும் அவளுக்குத் தயாரித்த வார்த்தையெல்லாம் மறந்துபோய், உள்ளே இருந்ததுதான் வந்தது.

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு. ஒவ்வொரு தடவை மேல போகும்போதும், திரும்பி வரும்போது நீ தரையில கிடப்பியோன்னு நினைச்சுக்கிட்டே போறேன். பிப் உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவா. நீ இல்லாத வீட்ல நான் இந்த உத்தரத்தை எண்ணிக்கிட்டு உட்காரணுமா? உன் கௌரவத்தைக் காப்பாத்தத்தான் ஒளிஞ்சு பார்க்க நினைச்சேன். அதுலயும் மண்ணு. அங்கேருந்து உன்னைத் தவிர எல்லாம் தெரியுது!"

லயனலின் வாய் கோணியது. பக்கவாதத்தால் இல்லை, சிரிப்பை அடக்கியதால்.

"என்னைத் தவிரயா?"

"சிரிக்காதே. கட்டிலைக் கணப்புப் பக்கம் தள்ளிப் போட்டா தெரியும். தள்ளலாமா?"

"முடியாது."

"ஏன்? மேடையை விட்டு இறங்கினா மானம் போயிடுமோ?"

"அதுக்கில்ல." லயனல் போர்வை நுனியை நல்ல கையால் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே நீ. உத்தரம் சுவருக்குள்ள வர்ற இடம் இது. நீ நடந்தா கேக்கும். ஜன்னல் சாத்தறது கேக்கும். இருமினா கேக்கும், மருந்து டப்பாவைத் தேடறது கேக்கும். கட்டில் ஒரு தடவை கிரீச்சுங்கும். அப்புறம் சத்தம் அடங்கும். அது அடங்கினப்புறம்தான் நான் தூங்குவேன்." தலையை நிமிர்த்தாமலே சொன்னார், "கணப்புப் பக்கம் போனா உன் சத்தம் கேக்காது."

இத்தனை மாதமும் அவளைக் காவல் காத்துக்கொண்டு ஒரு மனிதர் குளிரில் கிடந்திருக்கிறார். அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. ஹெஸ்டர் கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவர் தோளில் ஒரு அடி கொடுத்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"மண்டு. நான் பேசினது இப்ப உனக்கு எப்படிக் கேட்டுது?"

லயனல் யோசித்தார். அண்ணாந்து பிஷப்பின் திறந்த வாயைப் பார்த்தார்.

"அட" என்றார்.

அந்த வாய் வழியே கணப்பு வரை கேட்குமா என்று சோதித்துப் பார்க்காமல் இருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கொத்தனார் பெண்ணும் ஹெஸ்டருமாக அவரைச் சக்கர நாற்காலியில் கணப்புக்கு அருகே கொண்டு போனார்கள். ஹெஸ்டர் மேலே போனாள். அலமாரியைத் திறந்து மூடினாள், ஸ்டூலை இழுத்தாள், வேண்டுமென்றே இருமினாள். ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து குரல் வந்தது. "அலமாரி! ஸ்டூல்! அது பொய் இருமல்!"

கணப்புப் பக்கம் கட்டில் போனது. "எங்க பரம்பரையில மேடையை விட்டு இறங்கின முதல் ஆள் நான்தான்" என்று லயனல் கொத்தனாரிடம் முறையிட்டார். அந்தப் பெண், "இங்க கதகதன்னு இருக்கு சார், அவங்கல்லாம் ஏமாந்துட்டாங்க" என்றாள்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார் லயனல். பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். அறைக்குள் வருகிறவர் கதவைத் தட்டுவது போல. அன்றிலிருந்து தினமும் ஹெஸ்டர் மாடத்தில் முகம் வைத்து, "வரலாமா?" என்பாள். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தால் "இரு" என்பார். இல்லாவிட்டால் "வா" என்பார். அவள் பார்ப்பாள். அவர் கை அசைப்பார். பிறகு இருவரும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். முட்டை எப்படி வேண்டும், மழை வருமா, டாலி மூச்சு விடுகிற சத்தம் ஏன் அப்படி இருக்கிறது என்று, ஒரே கட்டிலில் படுத்த காலத்தில் பேசிய அதே உப்புச்சப்பில்லாத பேச்சு. ஹெஸ்டருக்கு அதில் இருந்த சுகத்தைச் சொல்லி முடியாது.

ஜனவரியில் ஒரு காலை. வெளியே புல்லெல்லாம் உறைபனி. ஹெஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலுக்குக் கம்பளிக் காலுறை மாட்டியிருந்தாள். அவள் இன்னும் மாடத்துப் பக்கம் போகவில்லை, இன்னும் கேட்கவில்லை. கீழே ஏதோ பொத்தென்ற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. அவள் மறு காலுறையைக் கீழே போட்டாள்.

"ஹெட்டி."

மெதுவான குரல். கூச்சப்பட்ட குரல்.

"ஹெட்டி, பாரேன். விழுந்துட்டேன். கொஞ்சம் வரியா?"

ஒரு காலில் காலுறையோடு அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. லயனல் கணப்புக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். முகம் வெளுத்திருந்தது. அடி ஒன்றும் பலமில்லை, இடுப்பு மட்டும் வலிக்கிறது என்றார். அவளால் அவரைத் தூக்க முடியாது. போர்வையை இழுத்து மூடி, தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அடுத்து பிப்புக்குச் செய்தாள். அவளிடம் மறைக்க இனி ஒன்றும் இல்லை.

"பிப், அப்பா விழுந்துட்டார்."

மகள் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது. "எவ்வளவு நேரம் கிடந்தார்?"

"கிடக்கலை. விழுந்ததும் கூப்பிட்டார்."

"யாரு கூப்பிட்டா?"

"அப்பாதான்."

மறுபக்கம் குழந்தை டாக்டர் ஃபிலிப்பா ஆல்ட்வொர்த் மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பாவா? அவரே வாயைத் திறந்தா?"

"ஆமாம்டி" என்றாள் ஹெஸ்டர். லயனலின் கை அவள் கைக்குள் இருந்தது. "பேர் சொல்லிக் கூப்பிட்டார்."